ஒரு போகத்துக்கு ஒரு யன்னல்

புதுமனை புகுந்தோர் கவனத்துக்குச் சில யோசனைகள்

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்” என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். இரண்டிலும் உள்ள தொல்லைகளைப் பட்டறிந்தவர் வாயிலிருந்து பிறந்த சொல் அது. முற்றுப்பெறாத வீட்டிலே குடியிருந்து பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் அவர்கள் சேர்த்திருக்கலாம். சுவர் எழும்பிற்று, கூரையும் ஏறிற்று, நல்ல நாள் பார்த்து நிறைகுடம் வைத்து, மாவிலை கட்டி, பால் காய்ச்சிக் குடிபூரலும் நடந்தேறிற்று. வந்த உறவினர் வாழ்த்திச் சென்றபின், இரவு பாய் விரிக்கும் வேளையிலேதான் வீட்டுத்தலைவியின் கண் யன்னலின் மேற் செல்கின்றது. அங்கே நிலை இருக்கின்றது, கதவு இல்லை. விளக்கை ஏற்றினால் வெளியே நிற்பவருக்கு வீடு முழுவதும் தெரியும். விளக்கை அணைத்தால் நுளம்பும் காற்றும் உரிமையோடு உள்ளே வரும்.

அன்றிரவே அந்தத் தாய் பெட்டியைத் திறந்து பழைய சேலையொன்றை எடுத்து யன்னலுக்குக் கட்டுகிறாள். வன்னிப் பெருநிலத்தில் இக்காட்சியைக் காணாத ஊர் இல்லை. இச்சிறு மறைப்பைப் பற்றியே இன்று சற்று விரிவாகப் பார்ப்போம். பொருள் அற்பமானதாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு குடும்பத்தின் மானமும், சுகமும், பிள்ளைகளின் படிப்பும், கடனும் அந்த ஒரு முழச் சீலையிலே தொங்கிக்கொண்டிருக்கின்றன.

அக்கராயனும் அதன் வீடுகளும்

யாழ்ப்பாணம் – கண்டி நெடுஞ்சாலையில் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, மேற்கு நோக்கித் திரும்பும் வீதி அக்கராயனுக்குச் செல்கின்றது. அக்கராயன் என்னும் சிற்றரசன் ஆண்ட நிலம் என்பது ஊர் வழக்கு. குளமும், குளத்தை நம்பிய வயலும், வயலை நம்பிய குடிகளுமாக அமைந்த ஊர் அது. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் யுத்தம் நெருங்கியபோது ஊர் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தது. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிவுற்றபின் வன்னிச் சனங்கள் இலட்சக்கணக்கில் செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களிலே தங்கியிருந்தனர். அவ்வாண்டின் இறுதியிலிருந்து கிளிநொச்சி மாவட்டத்தில் மீள்குடியேற்றம் ஆரம்பித்தது.

திரும்பி வந்தவர்களுக்கு முதலிலே கிடைத்தது தறப்பாள். தறப்பாள் கொட்டிலுக்கு யன்னல் என்ற பேச்சே இல்லை. கொட்டில் முழுவதுமே ஒரு திரைச்சீலைதானே! அதன்பின் தகரக் கொட்டில். அதற்கும் பின்னரே கல்வீடு. இந்திய அரசின் நன்கொடையாக 50,000 வீடுகளை அமைக்கும் திட்டத்தின் முன்னோடியாக, 2010ஆம் ஆண்டில் 1,000 வீடுகளின் வேலை வட மாகாணத்தில் தொடங்கிற்று. 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி, காந்தி பிறந்த நாளன்று, வடக்குக் கிழக்குக்குரிய இரண்டாங் கட்டம் ஆரம்பமாயிற்று. குடும்பம் ஒன்றுக்கு 550,000 ரூபா என வகுத்து, வேலை முன்னேறும் அளவுக்கேற்பத் தவணை தவணையாகப் பணம் வழங்கி, வீட்டுக்குரியவரே தம் வீட்டைக் கட்டிக்கொள்ளும்படி அத்திட்டம் அமைந்தது.

வீட்டுக்குரியவரே கட்டும் முறையில் ஒரு நன்மையும் ஒரு சங்கடமும் உண்டு. தன் வீட்டைத் தன் விருப்பப்படி அமைக்கும் பெருமை நன்மை. கல், மணல், சீமெந்து, கூலி ஆகியவை இடையிலே விலை ஏறினால் அந்தச் சுமையும் கட்டுபவர் தலையிலே விழுவது சங்கடம். கட்டட வேலையின் ஒழுங்கை நோக்குக. யன்னல் நிலையைச் சுவர் எழும்பும்போதே வைத்துவிட வேண்டும். யன்னற் கதவையோ கடைசியிலே பொருத்தலாம். கடைசியிலே பொருத்த வேண்டியவை எவையோ அவையே பணம் முடியும்போது நின்றுபோகின்றன. ஆகவே, யன்னற் கதவு இல்லாத வீடு ஒரு குடும்பத்தின் அசட்டைக்கு அடையாளமன்று. பணம் எவ்விடத்திலே முடிந்தது என்பதற்கே அடையாளம்.

இது ஒரு திட்டத்தோடு முடிந்த கதையுமன்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே சீமெந்துப் பை ஒன்றின் விலை 3,000 ரூபாவை அண்மித்தபோது, தொடங்கிய வீடுகள் பல தொடங்கிய நிலையிலேயே நின்றன. கூரை மட்டும் ஏறினாற் போதும் என்று அவற்றுட் குடிபுகுந்தோரும் பலர்.

காற்றின் வழி

யன்னலுக்கு மறைப்பிடுமுன் யன்னல் என்பது யாது என அறிவது நன்று. நாம் வழங்கும் யன்னல் என்ற சொல் போர்த்துக்கீசரிடமிருந்து வந்தது. அதற்கு முன்னர் தமிழர் வழங்கிய சொற்களுள் ஒன்று காலதர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழி என்பதே பொருள். ஆங்கிலேயர் வழங்கும் ‘விண்டோ’ என்ற சொல்லும் வட ஐரோப்பியரின் பழைய மொழியில் ‘காற்றின் கண்’ எனப் பொருள்படும் சொல்லிலிருந்தே பிறந்தது. கடலுக்கு இப்பாலும் அப்பாலும் இருந்த இரு சாதியார், ஒருவரையொருவர் அறியாமலே, யன்னலைக் காற்றுக்கு உரியதாகக் கண்டனர். ஆகவே, காற்றை முற்றாகத் தடுக்கும் எந்த மறைப்பும் யன்னலின் பிறவிப் பயனையே கெடுப்பதாகும்.

தற்காலிக மறைப்பு என்பது ஏழைகளின் கண்டுபிடிப்பு என்று எண்ணி வெட்கப்படவும் வேண்டுவதில்லை. கண்ணாடி அரும்பொருளாக இருந்த காலத்தில் ஐரோப்பிய வீடுகளிலே எண்ணெய் தடவிய காகிதத்தையும், மெழுகிட்ட துணியையும், மெல்லிதாகச் சீவிய மாட்டுக் கொம்பையும் யன்னலில் இட்டனர். யப்பானியர் மரச்சட்டத்தில் மெல்லிய காகிதம் ஒட்டி வெளிச்சத்தை வடித்தெடுப்பதை ஓர் அழகாகவே வளர்த்தனர். நம் நாட்டிலும் கிடுகுத் தட்டியும் பனையோலைப் பாயும் நெடுங்காலம் அந்த வேலையைச் செய்துள்ளன.

நான்கு வேலைகள்

நல்லதொரு மறைப்பு நான்கு வேலைகளைச் செய்ய வேண்டும். பிறர் கண்ணை மறைக்க வேண்டும். மழையைத் தடுக்க வேண்டும். நுளம்பை நிறுத்த வேண்டும். இவற்றைச் செய்யும்போதே காற்றையும் வெளிச்சத்தையும் விட வேண்டும். ஒரே பொருள் இந்நான்கையும் செய்யாது. ஒரே சீலையை எல்லா யன்னல்களுக்கும் எல்லாக் காலத்துக்கும் தொங்கவிட்டுவிட்டு, “காற்றில்லை, வெளிச்சமில்லை” என்று வருந்துவதன் காரணம் இதுவே. யன்னல் எத்திசையை நோக்குகின்றது, காலம் எது என்பவற்றைப் பார்த்தே பொருளைத் தெரிய வேண்டும்.

வன்னியிலே வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை வீசுவது சோளகக் காற்று. வறண்ட காற்றாகப் புழுதியை அள்ளிக்கொண்டு அது நம்மிடம் வருகின்றது. தெற்கும் மேற்கும் நோக்கிய யன்னல்களுக்கு அதனால் தொல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு மழை வருகின்றது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையின் பெரும்பகுதி இக்காலத்திலேயே கொட்டிவிடும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதை எவரும் மறந்திரார். ஆகவே வடக்கும் கிழக்கும் நோக்கிய யன்னல்களுக்கே மழைத்தடுப்பு முதலில் வேண்டும்.

சேலையும் அரைத்திரையும்

பிறர் கண்ணை மறைப்பதற்குப் பருத்திச் சேலையை விடச் சிறந்ததில்லை. தோய்த்துக் காயவைத்துத் திரும்பவும் கட்டலாம்; காற்று அதனூடே மெல்ல நுழையும். இறுதி யுத்த நாட்களிலே வன்னித் தாய்மார் தம் சேலைகளை வெட்டித் தைத்து மண் நிரப்பிப் பதுங்குகுழிக்கு அணையாக அடுக்கினர். கூறைச் சேலைகளும் அவற்றுள் இருந்தன. அப்போது குண்டுக்கு மறைப்பாக நின்ற சேலை இப்போது நாணத்துக்கு மறைப்பாக நிற்கின்றது. அதனை ஏளனமாக நோக்குவோர் இதனையும் நினைத்துக்கொள்க.

சேலையை யன்னல் முழுவதற்கும் தொங்கவிடுதல் வேண்டாம். யன்னலின் கீழ் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் மறைத்து, மேற்பங்கைத் திறந்து விடுக. வெளியே நடந்து செல்பவரின் கண்மட்டத்துக்கு அது போதும். மேற்பங்கின் வழியே வெளிச்சம் அறையின் உட்புறம் வரை செல்லும். சூடேறி மேலெழும் காற்றும் வெளியேறும். பிள்ளைகள் படிக்கும் மேசையை அந்த யன்னலருகே, எழுதும் கையின் நிழல் கொப்பியில் விழாதபடி வைத்தால் பகலில் விளக்கு வேண்டியதில்லை.

ஒரு சிறு விஞ்ஞான உண்மையையும் மாணவர்கள் கவனிக்கலாம். மெல்லிய துணியின் எப்பக்கம் இருட்டாக இருக்கின்றதோ அப்பக்கத்திலிருந்து மறுபக்கத்தைப் பார்க்கலாம். பகலில் உள்ளிருப்பவர் வெளியே பார்க்கலாம். வெளியிலுள்ளவருக்கு உள்ளே தெரியாது. இரவில் விளக்கேற்றியதும் நிலைமை தலைகீழாகிவிடும். பகலில் நன்றாக மறைக்கின்றதே என்று மெல்லிய சேலையை நம்பியிருப்போர் இரவில் ஒருமுறை வெளியே சென்று தம் வீட்டைத் தாமே பார்க்க வேண்டும். ஆண்துணையில்லாத பெண்கள் தனித்து வாழும் வீடுகள் பலவாகிய வன்னியில் இது அலட்சியம் செய்யத்தக்க விஷயமன்று. இரவில் மட்டும் இறக்கிவிடத்தக்க தடித்த இரண்டாஞ் சீலை, கட்டிலுக்கு விரித்த பழைய விரிப்பாயினும், அவசியம்.

தூக்குத் தட்டியும் தறப்பாளும்

மழைக்குச் சேலை உதவாது. நனைந்து நீரை உள்ளே ஒழுக்கும். யன்னலுக்கு வெளியே, நிலையின் மேற்சட்டத்திலே கிடுகுத் தட்டியைக் கயிற்றால் பிணைத்துத் தொங்கவிடுக. பகலில் அதன் கீழ்விளிம்பை ஒரு தடியால் வெளிப்புறம் தள்ளி ஊன்றினால் சிறு தாழ்வாரம்போல் நிற்கும். வெளிச்சமும் காற்றும் அடியால் வரும். மழை வந்ததும் தடியை எடுத்துவிட்டால் யன்னல் மூடிக்கொள்ளும். கிராமத்துத் தேநீர்க் கடைகளிலே காணும் தட்டிதான் இது.

பழைய தறப்பாள் மிஞ்சியிருந்தால் அதனையும் இவ்வாறே பயன்படுத்தலாம். கீழ்விளிம்பில் ஒரு பனஞ்சிலாகையை வைத்துச் சுருட்டித் தைத்தால் காற்றிலே படபடக்காது. அது யன்னலின் அடிக்கட்டைக்குக் கீழே ஒரு சாணாவது தாழ்ந்து தொங்க வேண்டும். இல்லையேல் வழிந்த நீர் சுவரோடு உள்ளே இறங்கும். இன்னொன்றையும் கவனிக்க: சுருட்டிக் கட்டிய தறப்பாளின் மடிப்பிலே மழைநீர் தேங்கினால் அதுவே டெங்கு நுளம்புக்குத் தொட்டிலாகும். மழை விட்டதும் உதறிவிடுக. வெயிலில் ஆண்டுக்கணக்கிற் கிடந்த தறப்பாள் உக்கிப் பொடியாகும்; அந்நிலையில் அதனைக் கழற்றிவிடுவதே நன்று.

வெளிச்சமும் வேண்டும், மழையும் வரக்கூடாது என்ற இடத்தில் தெளிவான பொலித்தீனை மெல்லிய மரச்சட்டத்தில் இழுத்து அடித்துக் கழற்றி மாட்டும்படி வைக்கலாம். அது நெடுநாள் உழைக்காது; மஞ்சளித்து வெடிக்கும். ஆயினும் ஒரு மாரிகாலத்தைத் தாண்டுவிக்கும்.

சோளக காலத்துச் சூட்டுக்கு வட இந்தியர் வெட்டிவேர்த் தட்டியை நனைத்து வாயிலில் தொங்கவிடுவர். நீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டைக் கவர்ந்துகொள்வதே அதன் இரகசியம். வெட்டிவேர் இல்லாவிடினும் நனைத்த கோணிச்சாக்கு அதே வேலையைச் செய்யும். காற்று வறண்டிருந்தாற்றான் இது பலிக்கும். மாரிகாலத்தில் அறையை ஈரமாக்குவதன்றி வேறு பயனில்லை.

நுளம்புக்கு வேலி

இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரிலே சான்று வழங்கிற்று. ஒருகாலத்தில் மலேரியாவுக்குப் பேர்போன வன்னிக்கு இது பெரும் ஆறுதல். டெங்கு மட்டும் இன்னும் நம்மை விடவில்லை. மலேரியா நுளம்பு இரவில் கடிப்பது. படுக்கைக்கு வலை கட்டினால் பெரும்பாலும் தப்பலாம். டெங்கு நுளம்போ பகலிலே, விசேடமாகக் காலையிலும் மாலையிலும் கடிக்கின்றது. ஆகவே படுக்கை வலை மட்டும் போதாது. யன்னலுக்கும் வலை வேண்டும். கிழிந்து படுக்கைக்கு உதவாத வலையின் நல்ல பகுதியை வெட்டி, நிலையின் உட்புறத்தில் இடைவெளி இல்லாமல் சிறிய ஆணிகளால் அடித்தால் செலவின்றி வேலை முடியும். இதனை மட்டும் பின்னர் யன்னற் கதவு வந்தபோதும் கழற்ற வேண்டியதில்லை.

செய்யத் தகாதவை

முதலாவது, யன்னலைத் தகரத்தாலோ கல்லாலோ நிரந்தரமாக அடைப்பது. இங்கிலாந்திலே 1696ஆம் ஆண்டு முதல் 1851ஆம் ஆண்டு வரை யன்னல்களை எண்ணி வரி வாங்கினர். வரிக்கு அஞ்சிச் சனங்கள் யன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தனர். காற்றும் வெளிச்சமுமின்றி நோய் மலிந்தது என்று வைத்தியர்கள் முறையிட்டனர். நம்மிடம் எவரும் வரி கேட்கவில்லை. நாமே ஏன் அடைக்க வேண்டும்? புதிய சுவரிலும் பூச்சிலும் உள்ள ஈரம் வெளியேறப் பல மாதம் செல்லும். அக்காலத்தில் வீட்டை இறுக மூடினால் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பிள்ளைகளுக்கு இழுப்பும் இருமலும் வரும். விறகு எரிக்கும் அடுக்களையில் யன்னலைத் தகரத்தால் மூடுவது புகையைத் தாய்க்கே ஊட்டுவதாகும். அடுக்களைக்கு வலை மட்டும் போதும்.

இரண்டாவது, சீலையருகே விளக்கு வைப்பது. 2022 மார்ச் இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் நின்றபோது குப்பி விளக்குகள் மீண்டும் வெளிவந்தன. உயர்ந்து மெலிந்த போத்தலில் செய்த விளக்கு இலகுவிற் சரிந்து தீப்பற்றுவதைக் கண்டே, சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புற எளிதில் உருளாத தட்டைப்பக்கக் குட்டை விளக்கை அமைத்து, 1998இல் சர்வதேசப் பரிசான றோலெக்ஸ் விருதையும் பெற்றார். காற்றிலே ஆடும் சேலைக்கும் விளக்குக்கும் இடையே இரண்டு முழமாவது இருக்கட்டும். நைலோன் சேலையை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம். அது உருகி உடலில் ஒட்டும்.

மூன்றாவது, புதிய சுவரில் ஆணி அறைவது. பூச்சு வெடித்து உதிரும். மரநிலையிலே, ஓரத்தை விட்டுச் சற்று உள்ளே தள்ளிச் சிறிய ஆணிகளை அடித்து, அவற்றிடையே கம்பி கட்டித் துணியைக் கோத்து விடுக.

கடனுக்கு ஒரு யன்னல்

இவையெல்லாவற்றையும் விடப் பெரிய தவறு ஒன்றுண்டு. அயல்வீட்டில் கண்ணாடி யன்னல் பூட்டிவிட்டார்கள் என்பதற்காகக் கிழமைக்குக் கிழமை தவணை கட்டும் கடனை வாங்கி நம் வீட்டிலும் பூட்டுவதே அது. நுண்கடன் என்ற பெயர் சிறிது. அதன் வட்டியோ பெரிது. 2018ஆம் ஆண்டிலே, வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களிற் பெண்கள் பெற்றுக் கட்ட இயலாமற்போன 100,000 ரூபா வரையிலான நுண்கடன்களை இரத்துச் செய்ய அரசாங்கமே முன்வந்தது என்றால், அத்தொல்லை எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். சேலை தொங்கும் யன்னலுக்கு வெளியே நின்று எவரும் பணம் கேட்பதில்லை. கடனில் வந்த கதவையோ வாரந்தோறும் வந்து தட்டுவார்கள்.

அப்படியானால் சேலையே என்றென்றும் தொங்க வேண்டுமா? அதுவும் கூடாது. தற்காலிகம் என்று தொடங்கியவை நம்மிடையே நிரந்தரமாகிவிடும் வழக்கம் உண்டு. இன்று கட்டிய சேலை பத்தாண்டு கழித்தும் அவ்விடத்திலேயே நைந்து தொங்குமானால் அது சிக்கனமன்று, சோர்வு.

குளத்தை நம்பி வாழும் அக்கராயன் போன்ற ஊர்களுக்குப் பொருத்தமான ஒரு கணக்கு உண்டு. ஒரு போகத்துக்கு ஒரு யன்னல் என வைத்துக்கொள்க. காலபோக அறுவடை முடிந்து நெல் விற்ற பணத்தில், வேறெதற்கும் கைவைக்குமுன், ஒரு யன்னலுக்குரிய பலகையையும் தச்சன் கூலியையும் ஒதுக்கிவிட வேண்டும். குளத்தில் நீர் நின்று சிறுபோகமும் விளைந்தால் இரண்டாவது யன்னல். ஆறு யன்னலுள்ள வீடு மூன்று ஆண்டிலே முற்றுப்பெறும். சிறுபோகம் பொய்த்தாலும் ஆறு ஆண்டுக்கு மேற் செல்லாது. முதல் யன்னல் பெண்பிள்ளைகள் படுக்கும் அறைக்கு, அடுத்தது வாடை மழை அடிக்கும் பக்கத்துக்கு, அதன்பின் ஏனையவை. தேக்குக்கு வழியில்லாவிட்டால் வளவிலே நிற்கும் வேம்பு இருக்கின்றது. பூச்சி அரிப்பதும் குறைவு.

நிலமில்லாத கூலிக் குடும்பங்களுக்கு வேறு வழி. நம்பிக்கையான ஆறு குடும்பங்கள் சேர்ந்து மாதமொரு சிறு தொகையைச் சீட்டாகப் போட்டு, மாதம் ஒரு வீட்டின் யன்னலை முடிக்கலாம். வட்டியில்லை, கதவைத் தட்டுவாருமில்லை. தச்சனுக்கும் தொடர்ந்து வேலை கிடைப்பதால் கூலியிற் சிறிது குறைத்துத் தருவான்.

இல்லத்தரசிகளே, இன்று மாலையே உங்கள் வீட்டு யன்னல்களை எண்ணிப் பாருங்கள். எது எத்திசை, எதற்கு எந்த மறைப்பு, எது எந்தப் போகத்தில் முடியும் என்று பிள்ளையின் பழைய கொப்பியொன்றிலே ஒரு பக்கம் எழுதி வையுங்கள். மாணவர்களே, அளவுகோலை எடுத்து அளந்து கொடுக்கும் வேலை உங்களுடையது. முறை வந்த யன்னலுக்குக் கதவு பொருந்திய அன்று, அங்கிருந்து கழற்றிய சேலையைத் தோய்த்து அடுத்த யன்னலுக்குக் கட்டுங்கள். கடைசி யன்னலிலிருந்தும் அது இறங்கும் நாளிலே உங்கள் குடிபூரல் உண்மையாக நிறைவெய்தும்.